படத்தின் பின்பக்கம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

"பழைய காத்தான்குடி", "அந்தக் கால மட்டக்களப்பு" என்று அடிக்கடி படங்கள் வருகின்றன. நாங்களும் பார்க்கிறோம், பகிர்கிறோம். ஆனால் சுற்றிச் சுற்றி வருவது ஒரே வகைப் படங்கள்தான்: ஒல்லாந்தர் கோட்டை, ஆளுநர் மேனிங்கின் மனைவி பெயரில் நின்ற கல்லடி இரும்புப் பாலம், வாவியில் ஒரு தோணி. மனிதர் வந்தாலும் பெயர் வராது. கொழும்பு ஸ்டூடியோக்கள் வெள்ளைக்காரருக்கு விற்ற அஞ்சலட்டைகளில் நம் ஆளுக்குக் கீழே 'சோனகர்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். அவர் யாருடைய வாப்பா, என்ன வியாபாரம் செய்தார் என்பது எதுவுமே இல்லை.

அன்றாட வாழ்க்கை எங்கே என்று தேடி, வரலாற்றுப் பாடத்துக்காக, வீட்டிலிருந்து ஒரு பழைய படம் கொண்டு வாருங்கள் என்று தரம் 9 பிள்ளைகளிடம் சொன்னோம். வந்த படங்கள் எங்களையே யோசிக்க வைத்தன. கடை வாசலில் துணிக்கட்டுகளோடு மூவர். தறிக்குப் பக்கத்தில் ஒரு பையன். புது சைக்கிளைப் பிடித்தபடி ஒரு மாப்பிள்ளை. நிறைய வந்தது எண்பதுகளில் ஸ்டூடியோவில் எடுத்த பிள்ளைகள் படம். பின்னால் பனிமலை தீட்டிய சீலை, முன்னால் பவுடர் பூசிய முகம். வாப்பாவோ உம்மாவோ சவூதியில், குவைத்தில். அவர்களுக்கு அனுப்ப எடுத்தவை.

ஒன்றைக் கவனித்தோம். பின்பக்கத்தில் எழுத்து இருந்தது அந்த வெளிநாட்டுப் படங்களில் மட்டும்தான். பிள்ளையின் பெயர், வயது, திகதி, "பல் முளைத்து விட்டது" என்று ஒரு வரி. வீட்டிலேயே இருந்த படங்களின் பின்பக்கம் வெறுமை. ஏன் எழுத வேண்டும்? வீட்டில் எல்லாருக்கும் தெரியும்தானே. அந்த எல்லாரும் மௌத்தாகிப் போன பிறகு, தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று காட்டப் பிள்ளைகளுக்கு ஓர் அமெரிக்கச் சிற்றூரைத் திரையில் போட்டோம். நியூ மெக்சிக்கோவில் பை டவுன். 1940இல் ரஸல் லீ என்ற படப்பிடிப்பாளர் அங்கே போனார். விவசாயிகளின் நிலையைப் பதிவுசெய்ய அரசாங்கமே அனுப்பியது. அவர் பெரிய மனிதர்களைத் தேடவில்லை. பாதி மண்ணுக்குள் கட்டிய வீடு, சாப்பாட்டு மேசை, தோட்டம், இரவில் நடந்த ஆட்டம் என்று எடுத்தார். இதுபோல் பல படப்பிடிப்பாளர்கள் எடுத்த சுமார் 175,000 நெகட்டிவ்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. எந்த இடம், எந்த மாதம், என்ன நடக்கிறது என்று பலவற்றுக்குக் குறிப்பு உண்டு. மண்ணெண்ணெய் லாம்பைக் கண்டதும் ஒருவன், "ஸேர், இது எங்கட மூத்தம்மா வீட்டிலயும் கிடக்கு" என்றான். ஆனால் அந்த மூத்தம்மாவின் லாம்பை யாரும் படம் எடுக்கவில்லை.

ஒரு மாணவி கொண்டு வந்தது 1963இல் நடந்த கல்யாணப் படம். பெரிதாக்கிக் கண்ணாடி போட்ட பிரதி. ஆண்கள் மட்டும் ஏழு பேர். மூலப்படத்தையும் கேட்டோம். அதில் எட்டுப் பேர்! யாரென்று தெரியாததால், பெரிதாக்கக் கொடுத்தபோது ஓரத்தில் நின்றவரை வெட்டிவிடச் சொல்லியிருக்கிறார்கள். நெற்றியில் திருநீறு.

அந்தக் கல்யாணத்தின் மணப்பெண், மாணவியின் மூத்தம்மா, இன்னும் இருக்கிறார். தன் கல்யாணப் படத்தில் அவர் இல்லை, உள்ளே இருந்தார். 1972க்குப் பிறகு அடையாள அட்டைக்காக எடுத்ததுதான் அவரது முதல் படம். மூலப்படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நம்மட தட்டார் புள்ள. ஆரப்பத்தையான். எண்ட காப்பு அவர் செஞ்சது. கல்யாணத்தண்டைக்கு அவரே கொண்டு வந்து தந்துட்டு, சோறும் திண்டுட்டுத்தான் போனாரு."

ஆரையம்பதி நமக்குப் பக்கத்து ஊர். 1990க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் போக்குவரத்து ஒரு கதை. அந்த வருடம் நம் பள்ளிவாசல்களில் நடந்ததும், அதே காலத்தில் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்களுக்கு நடந்ததும் அவர்களுக்குத் தெரியும். தெரியத்தான் வேண்டும். ஆனால் தட்டார் சோறு தின்றதும் நடந்ததுதான். அதற்குச் சாட்சி அந்த ஓரம் மட்டும்.

படங்கள் அழிந்ததற்குக் காரணம் பல. 1978 நவம்பர் சூறாவளி கூரையோடு கொண்டு போனது. 2004இல் கடல் கொண்டு போனது. கலவரத்தில் வீட்டை விட்டு ஓடியவர்கள் படத்தையா தூக்குவார்கள்? ஆனால் இப்போது நடப்பது வேறு. நம் பகுதியில் வீடு மகளுக்கு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து இந்த வழக்கத்தையும் எழுதியிருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் என்றால் பழைய வீட்டை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறோம். றங்குப்பெட்டி முதலில் வெளியே போகிறது. சூறாவளிக்குத் தப்பியது டைல்ஸ் வேலைக்குத் தப்புவதில்லை.

உருவப்படம் வைப்பது பற்றி மார்க்கத் தீர்ப்பு சொல்வது எங்கள் வேலை அல்ல, ஆலிம்களிடம் கேளுங்கள். சுவரில் மாட்டச் சொல்லவில்லை. பெண்களின் படத்தைப் பகிரவும் சொல்லவில்லை. மூத்தம்மாமார் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் பெயரை எழுதுங்கள். போல்பொயின்ட் வேண்டாம், முன்பக்கத்தில் தழும்பு விழும். லெமினேட் செய்யாதீர்கள். ஒட்டும் அல்பத்தில் இருப்பதைப் பிய்க்காமல், யன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுங்கள். பொதுவில் வைக்க விரும்பினால், 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தின் 'ஆவணகம்' தளம் இருக்கிறது.

தட்டாரின் பெயர் மூத்தம்மாவுக்கு ஞாபகம் இல்லை. "தட்டார் எண்டுதான் கூப்பிட்டம்" என்கிறார். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, வெட்டப்பட்ட அந்த ஓரத்தை மட்டும் கீழே போட்டிருக்கிறோம். மெலிந்தவர், தோளில் சால்வை, இடது கையில் மணிக்கூடு. ஆரையம்பதி உறவுகளே, உங்கள் வீட்டு வயதானவர்களிடம் ஒருக்கால் காட்டுங்கள்.