நான்கு மீட்டர் உயரம்

காரைக்கால் மாவட்டத்தில் காடு கிடையாது. அரசலாறும் வாய்க்கால்களும் பாயும் வயல், தென்னந்தோப்பு, மூங்கில் கொல்லை, கடலோரம் சவுக்கு, அவ்வளவுதான். இங்கே வளரும் பிள்ளைக்குக் காடு என்றால் பாடப்புத்தகத்துப் படம்: யானை, அருவி, அண்ணாந்து பார்க்கவேண்டிய மரம். அதைக் காட்ட வால்பாறைக்கோ கொடைக்கானலுக்கோதான் போகவேண்டும் என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள். நம் வாசலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் ஓர் அசல் காடு இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி முதலில் பார்க்கும் காடு கோடியக்காடாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

மாசி மாதத்து ஞாயிறு. மகன், மருமகள், என் மனைவி, பேத்தி எல்லோரும் இருட்டோடு புறப்பட்டோம். வாஞ்சூரோடு நம் எல்லை முடிகிறது. நாகூரில் வெட்டாறு, நாகையில் கடுவையாறு, வேளாங்கண்ணி பக்கத்தில் வெள்ளையாறு என்று காவிரியின் கடைசிக் கைகளை ஒவ்வொன்றாகக் கடந்து தெற்கே போனால் வேதாரண்யம். அதைத் தாண்டி அகத்தியன்பள்ளி. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜியும் தொண்டர்களும் தடையை மீறி உப்பு அள்ளிய மண் இது. இன்றும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம்தான். அது முடிகிற இடத்தில் சாலையின் இரண்டு பக்கமும் பச்சை நெருங்கி வருகிறது.

வனத்துறைச் சாவடியில் கட்டணம் கட்டி, வழிகாட்ட ஒருவரையும் அழைத்துக்கொண்டு நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் பேத்தி கேட்டாள்: "இதுதான் காடா தாத்தா? மரமெல்லாம் குட்டையா இருக்கே."

நியாயமான கேள்வி. கீழே கிடந்த ஒரு பாலை இலையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சிறிய இலை, நுனியில் லேசான பிளவு, தோல்போலத் தடிப்பு. மடித்தால் மடங்க மறுத்து நிமிர்ந்துகொண்டது. இந்த ஊருக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவதுதான். மற்ற மாதங்களில் உப்புக் காற்றும் வெயிலும். மணலோ தண்ணீரைப் பிடித்து வைக்காது. அப்படியும் இந்த மரங்கள் இலையை மொத்தமாக உதிர்ப்பதில்லை. ஈரத்தை இழக்காத தடித்த இலைகளோடு, காற்றுக்குத் தணிந்து, ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கின்றன. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் இருந்தது. வயலும் ஊரும் விரிய விரிய, இப்போது கோயில் காடுகளாகத் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. இவ்வளவு பரப்பில் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைப்பதே அரிது. 1967இல் சரணாலயமாக அறிவித்திருக்காவிட்டால் இதுவும் போயிருக்கும். உலக்கை செய்யும் அளவுக்கு வைரம் பாய்ந்த பாலைமரத்தை யார் விட்டுவைப்பார்கள்?

புல்வெளி திறந்த இடத்தில் வழிகாட்டி கையமர்த்தினார். வெளிமான் கூட்டம். மான் என்று சொன்னாலும் புள்ளிமான் இனமல்ல. புள்ளிமானின் கொம்பு விழுந்து முளைக்கும், இதற்கு விழுவதில்லை. பெண்மான்கள் பழுப்பு நிறம். நடுவில் ஓர் ஆண், கருத்த முதுகு, வெண்மையான வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிய இரண்டு கொம்புகள். பேத்தி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றாள். கூட்டத்தில் ஒன்று மருள, எல்லாம் துள்ளிக் கிளம்பின. அப்பால் சதுப்பு ஓரத்தில் மட்டக்குதிரைகள் சில தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. எப்போதோ மனிதர் வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வம்சம்.

அந்த மான்களைப் பார்த்தபோது எனக்குள் ஓடியதை அவளிடம் சொல்லத் தயங்கினேன். பிறகு சொன்னேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறியது. காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன, கடல் உள்ளே புகுந்தது. இங்கே மாண்ட மான்களின் உடல்கள் மிதந்து மிதந்து நம் காரைக்கால் கடற்கரையில் ஒதுங்கின.

"நம்ம பீச்சுக்கா தாத்தா?"

"ஆமாம்மா."

அவள் வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. அந்தக் காடு எங்கோ இருக்கிறது என்று நம் ஊர்க்காரர்கள் நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரைதான் நினைவுக்கு வரும்.

அடுத்து இராமர் பாதம். மணல்மேட்டின் மேல் சிறு மேடை, அதில் கல்லில் ஒரு ஜோடிப் பாதம். இலங்கை இருக்கும் திசையை இராமர் இங்கிருந்து பார்த்ததாக ஐதீகம். சரணாலயத்திலேயே உயரமான இடம் இதுதான். கடல்மட்டத்திலிருந்து நான்கு மீட்டர். மலைநாட்டுக்காரர்கள் இதை உயரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தரையும் கடலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும் டெல்டாவில் நான்கு மீட்டர் பெரிய உயரம். வெள்ளத்தில் உயிர் தப்பும் உயரம். பேத்தி ஓடி ஏறினாள். மர உச்சிகள் அவள் கண்மட்டத்துக்கு வந்தன.

கடற்கரைப் பக்கம் சோழர் கலங்கரை விளக்கத்தின் செங்கல் சிதைவு கிடக்கிறது. 2004 சுனாமி எஞ்சியதையும் சாய்த்துவிட்டது. பொன்னியின் செல்வன் படித்தவர்கள் பூங்குழலியைத் தேடி வருவார்கள். எனக்கோ இங்கே சுந்தரர்தான் நினைவு. காடும் கடற்காற்றும் ஆந்தை அலறலுமாக இருக்கும் இடத்தில் தனியாக ஏன் இருக்கிறாய் என்று இங்குள்ள சிவனான கோடிக்குழகரைக் கேட்டுப் பதிகம் பாடியவர். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் காடும் காற்றும் இருக்கின்றன என்பதே எனக்குப் பெரிய செய்தி.

மாலையில் சதுப்பு நீரில் பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் வைத்து அரித்துக்கொண்டே நகர்ந்தன. 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் இது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய்கிறார்கள்.

கவலை தருவது சீமைக்கருவேல். மான் மேயும் புல்வெளிக்குள் அது ஏறி வருகிறது. புயலை நாம் நிறுத்த முடியாது, முள்ளை வெட்ட முடியும். வெட்டுகிறார்கள், திரும்ப முளைக்கிறது, விடாமல் வெட்டவேண்டும்.

காரைக்கால் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுச் சுற்றுலாவுக்குத் தீம் பார்க்கைத் தேர்ந்தெடுக்கும் முன் கோடியக்காட்டை ஒருமுறை யோசியுங்கள். கார்த்திகை மழை ஓய்ந்ததிலிருந்து மாசி வரை நல்ல காலம். வனத்துறையிடம் முன்பே கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரும் கட்டுச்சோறும் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பை ஒன்றைக்கூட அங்கே விட்டு வராதீர்கள். பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கி நடக்க விடுங்கள்.