‘பிகாஸ்’ முன்னால் நிற்கும் வாக்கியம்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்கிறார்கள். திருமங்கலம் மாதிரி ஊர்களில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் இதில் தடுமாறக் காரணம் ஆங்கிலம் வராதது மட்டுமில்லை; தமிழ் வகுப்பில் படித்த முற்று, எச்சத்தை ஆங்கில வகுப்பு கண்டுகொள்ளாததும்தான். ‘மழை பெய்ததால் கண்மாய் நிரம்பியது’ என்னும்போது, தான் இன்னும் முடியவில்லை என்பதை ‘பெய்ததால்’ என்ற வினையே சொல்லிவிடுகிறது. ‘பிகாஸ் இட் ரெயின்ட்’ அப்படியல்ல. ‘ரெயின்ட்’ முழு வினைமுற்று. அதைச் சார்பு வாக்கியமாக்குவது முன்னால் நிற்கும் ‘பிகாஸ்’ மட்டுமே. வினையைப் பார்த்தே பழகிய பிள்ளை அங்கே புள்ளி வைத்துவிடுகிறது. ‘நேற்று வந்த பையன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஹூ’ தேவைப்படுவதும் இதே கதைதான். தமிழில் ‘ஹூ’வின் வேலையை ‘வந்த’ போன்ற பெயரெச்சமே செய்துவிடுவதைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே விளக்கியிருக்கிறார்.

தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுத்தால் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பார்கள் என்பது நியாயமான கவலை. ஆனால் சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்கிறார்கள். அந்தப் புள்ளியே சாட்சி. எச்சமில்லாத சார்பு வாக்கியம் தமிழிலும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, நமக்கு உதவுவதும் அதுதான். ‘மழை பெய்தது என்று சொன்னார்’ என்பதில் முற்று அப்படியே இருக்க, ‘என்று’ பின்னால் வந்து அதைச் சார்பாக்குகிறது; ஆங்கிலத்தில் ‘தட்’ அதை முன்னால் நின்று செய்கிறது. பாடத்தை இந்த வாக்கியத்தில் தொடங்கி, பிறகு ‘பிகாஸ்’, ‘வென்’, ‘இஃப்’ பக்கம் போகலாம்.