சாலையும் தேடலும்

திருவனந்தபுரத்து வலியசாலையில் பிறந்து வளர்ந்தவன் நான். ‘சாலை’ என்றதும் வண்டிகள் ஓடும் பெருவழி என்றே வெளியூர் அன்பர்கள் பொருள் கொள்வர். இவ்வூரில் அச்சொல்லுக்கு மற்றொரு பழம்பொருள் உண்டு. சாலை என்பது கல்விக்கூடம். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பது எங்கள் தெருவினரின் நெடுநாளைய நம்பிக்கை; ஆய்வாளர் பலரும் அவ்வாறு கருதியுள்ளனர். இங்குள்ள மகாதேவர் கோயில் இன்றும் காந்தளூர் என்னும் பெயரைத் தாங்கியே நிற்கின்றது. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கருக்கு இடமளித்து ஒரு சாலையை நிறுவியபோது, காந்தளூர் நடைமுறையையே முன்மாதிரியாகக் கொண்டான் என்று செப்பேடு கூறுகின்றது.

ஐயம் எழுந்தால் சாலைக்குச் சென்று ஆசானிடம் கேட்டனர் அக்காலத்தவர். இன்று வலியசாலையில் எவருக்கு ஐயம் எழுந்தாலும் கைப்பேசியைத்தான் எடுக்கின்றனர். மழை வருமா, பாகற்காய் நீரிழிவுக்கு நல்லதா, இராகு காலம் எப்போது என யாவும் அங்கேதான் கேட்கப்படுகின்றன. அக்கேள்விகள் அனைத்தும் எங்கே சென்று சேர்கின்றன என்பதைப் பற்றிச் சில காலமாக நான் எண்ணி வருகின்றேன். அவ்வெண்ணத்திற்கு என் பழைய தொழிலே காரணம்.

நான் 37 ஆண்டுகள் தந்தி அலுவலகத்தில் பணியாற்றியவன். தந்தி முகப்பில் அமர்ந்திருப்பவனுக்கு ஊரின் நாடித்துடிப்பு தெரியும். தேர்வு முடிவுகள் வெளிவந்தால் எந்தத் தெருவில் மகிழ்ச்சி, எந்தத் தெருவில் அழுகை என்பது மாலைக்குள் எங்களுக்கு விளங்கிவிடும். வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் புறப்படத் தொடங்கிய காலத்தை, எந்தச் செய்தித்தாளும் எழுதுவதற்கு முன்னரே நாங்கள் அறிந்தோம். பம்பாய்க்கும் அபுதாபிக்கும் தந்திகள் பெருகின. பிறகு மஞ்சள் பலகை தொங்கிய தொலைபேசிக் கூடங்கள் தெருமுனைதோறும் எழுந்தன. முகப்பில் வரிசை குறைந்தது. ஒரு தொழில்நுட்பம் மறைந்து மற்றொன்று எழுவதை எங்கள் படிவக் கட்டின் உயரத்தைக் கொண்டே அளந்துவிடலாம். 2013 சூலைத் திங்களில் நாடெங்கும் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. நான் அதற்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டேன்.

எங்களுக்கு ஒரு நெறி இருந்தது. எவர் என்ன தந்தி கொடுத்தார் என்பதை வெளியே சொல்லலாகாது. மனைவியிடத்தும் சொல்லலாகாது. அந்நெறியை நான் ஒருமுறைகூட மீறியதில்லை.

எங்களுடன் தங்கிப் பொறியியல் பயிலும் என் பேத்தி ஒருநாள் மாலை, “தாத்தா, உங்க தந்தி ஆபீஸ் கணக்கு மாதிரியே இங்கே ஒண்ணு இருக்கு, பாருங்கோ” என்று தன் கணினியை என் முன் வைத்தாள். கூகுள் டிரெண்ட்ஸ் என்பது அதன் பெயர். 2006ஆம் ஆண்டு அந்நிறுவனம் அதை வெளியிட்டது. 2004 சனவரி முதல் மக்கள் எச்சொல்லை எக்காலத்தில் மிகுதியாகத் தேடினர் என்பதை அது ஒரு கோடாக வரைந்து காட்டுகின்றது. எத்தனை பேர் தேடினர் என்ற எண்ணிக்கையை அது சொல்லாது. தேடல் அனைத்திலும் அச்சொல்லுக்குரிய பங்கு எவ்வளவு என்பதைக் கணித்து, உச்சம் எட்டிய காலத்திற்கு 100 என்று மதிப்பிட்டு, ஏனையவற்றை அதற்கு ஏற்றவாறு குறிக்கின்றது. கேட்டவர் எவர் என்பது அதில் இல்லை. எங்கள் பழைய நெறியும் அதுவேயன்றோ?

ஆர்க்குட் என்னும் சொல்லை இட்டாள். மலைபோல் ஏறிய கோடு சரிந்து தரையோடு ஒட்டிப் போயிற்று. 2014இல் அத்தளமே மூடப்பட்டது. என் தொழிலின் வரலாற்றையே வேறொரு பெயரில் காண்பது போலிருந்தது. முகக்கவசம் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை இட்டாள். 2020இன் தொடக்கத்தில் அது செங்குத்தாக எழுந்தது. ஆக்சிசன் சிலிண்டர் என்று இட்டபோது 2021 ஏப்ரலும் மே மாதமும் ஊசிமுனைபோல் நின்றன. அவ்வூசிமுனையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. அத்திங்கள்களில் எங்கள் உறவிலும் சிலரை இழந்திருந்தோம். நள்ளிரவில் எத்தனை பிள்ளைகள் அச்சொல்லைத் தட்டியிருப்பர்!

பின்னர் நான் ஓர் ஆசை கொண்டேன். “கேரளத்தை மட்டும் வைத்து, தமிழ் எழுத்தில் ஏதாவது இட்டுப் பாரம்மா” என்றேன். அவள் சில சொற்களை இட்டாள். சிலவற்றிற்குக் கோடு தரையிலேயே கிடந்தது. சிலவற்றிற்குக் கோடே எழவில்லை. காட்டுவதற்குப் போதிய தரவு இல்லை என்ற வாசகமே வந்தது.

எனக்கு நெஞ்சில் ஏதோ தைத்தது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் உறவினரில் பாதிப் பேர் ஒரே இரவில் வேறு மாநிலத்தவர் ஆயினர். நாங்கள் இப்புறம் நின்றுவிட்டோம். நீல பத்மநாபனும் ஆ. மாதவனும் இந்நகரத்துத் தெருக்களைத் தமிழில் எழுதி நிலைபெறச் செய்தனர். அத்தகைய ஊரில் தமிழ்ச் சொல்லுக்குச் சுழியமா?

பேத்தி என் முகவாட்டத்தைக் கண்டு விளக்கினாள். தேடல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் அக்கருவி அதைச் சுழியம் என்றே காட்டுமாம். சுழியம் என்றால் எவரும் கேட்கவில்லை என்பதன்று. கேட்டவர் சிலர் என்பதே பொருள். எண்ணிப் பார்த்தேன். அச்சிலருக்குள்ளும் எங்கள் வீடு சேருமா? மகன் ஆங்கிலத்தில் தேடுகின்றான். பேத்தி ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் தேடுகின்றாள். வீட்டில் தமிழ் பேசும் அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பள்ளியில் வாய்ப்பில்லை, வீட்டில் நாங்கள் கற்பிக்கவில்லை. கோட்டைக் குறை கூறி என்ன பயன்?

இதற்குச் சில வாரங்களுக்குப் பின் நிகழ்ந்ததை, என் மனைவியின் ஒப்புதலோடு இங்கு எழுதுகின்றேன். அவளுடைய கைப்பேசி மெதுவாக இயங்குகின்றதென்று பேத்தி அதைச் சரிசெய்ய எடுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் என்னிடம் வந்து, “பாட்டி இதில தமிழ்ல என்னவோ திரும்பத் திரும்பத் தேடியிருக்கா. எனக்கு வாசிக்கத் தெரியல்லையே, தாத்தா” என்றாள். பிறர் தந்தியைப் படித்துச் சொல்லாதவன் நான். எனினும் என் கண் அதற்குள் படித்துவிட்டது. கோலம் போடும்போது கை நடுங்குவது ஏன் என்பது முதல் கேள்வி. கை நடுக்கம் தாயிடமிருந்து வருமா என்பது இரண்டாவது. அதே கேள்விகள், பல நாட்களில், பெரும்பாலும் விடியற்காலையில்.

ஆறு மாதமாக வாசலில் கோலமிடுவதை அவள் நிறுத்தியிருந்தாள். முழங்கால் வலி என்றாள், நான் நம்பினேன். அவளுடைய அன்னை கைநடுங்கி, பல ஆண்டுகள் படுக்கையில் கிடந்து மறைந்தவர். அந்த அச்சத்தை என்னிடம் சொல்லாமல் ஓர் இயந்திரத்திடம் அவள் சொல்லியிருக்கின்றாள். ஊரின் நாடியை 37 ஆண்டுகள் பார்த்தவன், அடுத்த பாயில் உறங்குபவளின் நாடியைப் பார்க்கவில்லை.

அன்றிரவு அவளிடம் கேட்டேன். “உங்களைக் கலவரப்படுத்த வேண்டாம்னுதான்” என்றாள். மறுவாரம் மருத்துவரிடம் சென்றோம். கையை ஓய்வாக வைத்திருக்கும்போது தோன்றும் நடுக்கம் வேறு, வேலை செய்யும்போது தோன்றும் நடுக்கம் வேறு என்று அவர் பொறுமையாக விளக்கினார். இவளுக்கு உள்ளது இரண்டாம் வகை, அஞ்சியது இல்லை.

இதைக் கேட்ட பேத்தி மற்றொரு செய்தி சொன்னாள். சளிக்காய்ச்சல் பரவுவதைத் தேடல்களைக் கொண்டே முன்னறிய 2008இல் கூகுள் ஒரு கணிப்பு முறையைத் தொடங்கிற்றாம். 2012–13 குளிர்காலத்தில் அமெரிக்க நலவாழ்வுத் துறையின் கணக்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கை அது காட்டிற்று. 2015இல் அதை நிறுத்திவிட்டனர். காரணம் பலவாயினும், எனக்கு விளங்குவது ஒன்று. நோயுற்றவர் மட்டும் நோயைப் பற்றிக் கேட்பதில்லை, அஞ்சியவரும் கேட்கின்றனர். தேடற்கோடு மக்களின் நிலையைக் காட்டுவதைவிட மக்களின் கவலையைக் காட்டுகின்றது. கவலையை அறிந்தபின் நிலையை அறிய, அருகில் சென்று கேட்டாக வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் இம்மலரைப் படிக்கக்கூடும். எந்நகரில் இருப்பினும் உங்கள் தமிழ்த் தேடலும் அந்நகரின் கோட்டில் சுழியமாகவே தோன்றலாம். அதற்காக வருந்த வேண்டா. அச்சுழியத்துக்குள் விடியற்காலையில் விழித்திருக்கும் ஒரு தாயோ பாட்டியோ இருக்கக்கூடும். அவள் கேட்பதை வாசிக்க வீட்டில் ஓர் இளையவர் வேண்டும் என்பதே என் கவலை.

இப்போது எங்கள் வீட்டில் மாலைதோறும் தமிழ் எழுத்துப் பாடம் நடைபெறுகின்றது. ஆசிரியை என் மனைவி. அரிசி மாவில் எழுதிக் காட்டுகின்றாள். கோடு சற்று நடுங்கத்தான் செய்கின்றது. பேத்தி அதைப் பார்த்து அப்படியே எழுதுகின்றாள். சென்ற வெள்ளிக்கிழமை ‘ழ’ வரை வந்துள்ளனர்.