ஒப்படைச்சப்போ என்ன சொன்னாங்க?

மீஞ்சூர் ரேஷன் கடையொன்றில் விற்பனையாளராக இருக்கிறார் அந்த அம்மா. மகனுக்கு அம்பத்தூரில் ஐ.டி. வேலை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, முந்தின நாள் கதையைச் சொன்னார். ஒரு பாட்டிக்குக் கைரேகை விழவில்லை. நாலு தடவை துடைத்து வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் திட்டியது மெஷினை அல்ல, அம்மாவை.

"மெஷினை உன்கிட்ட ஒப்படைச்சப்போ என்னம்மா சொன்னாங்க?"

"ஒருநாள் கூப்பிட்டு எந்த பட்டனை அழுத்தணும்னு காட்டினாங்கடா. அழுத்தியும் வேலை செய்யலைன்னா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல."

மகனுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுடைய வேலையே அதுதானே! ஒரு குழு உருவாக்கிய மென்பொருளை, ராப்பகலாகப் பார்த்துக்கொள்ளப் போகும் சப்போர்ட் குழுவிடம் ஒப்படைப்பது. 'சர்வீஸ் டிரான்சிஷன்' என்பார்கள். 1980களில் பிரிட்டன் அரசு தொடங்கிவைத்த ஐ.டி.ஐ.எல். நெறிமுறைகளின் 2007 பதிப்பில் இதற்கென்றே தனிப் புத்தகம் உண்டு. ஓடத் தொடங்கிய முதல் சில வாரங்கள் உருவாக்கியவர்களும் கூடவே இருக்க வேண்டும் என்கிறது அது.

அவன் இருந்தானா? போன வாரம் அறுபது பக்கத்தை மெயிலில் அனுப்பிவிட்டுக் கையைக் கழுவியவன். ராத்திரி இரண்டு மணிக்கு சப்போர்ட் பையன் கூப்பிட்டபோது, "டாக்குமென்ட்டுல இருக்கு, பாருங்க" என்று போனை வைத்தான். காலையில் பார்த்தால், அதில் இல்லை.

அம்மாவுக்கு டாக்குமென்ட்டும் கிடையாது. 2017இல் பழைய குடும்ப அட்டை போய் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் கைரேகை வந்தது. ஒவ்வொரு தடவையும் பக்கத்துக் கடை விற்பனையாளரிடம் போனில் கேட்டுக் கேட்டுத்தான் பழகினார். கேட்டதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதியும் வைத்திருந்தார்.

'வயசானவங்களுக்குக் கட்டை விரல் விழலைன்னா நடுவிரல்.'

'சிக்னல் இல்லைன்னா மெஷினை ஜன்னல் பக்கம் வை.'

'பாத்திரம் தேய்க்கறவங்க ரேகை தேஞ்சிருக்கும். கோவப்படாதே.'

ஐ.டி.யில் இதைத் 'தெரிந்த பிழைகளின் பட்டியல்' என்பார்கள். அவன் அனுப்பிய அறுபது பக்கத்தில் அப்படி ஒரு பக்கம்கூட இல்லை.

"பாட்டிக்கு அரிசி கெடச்சுதா?"

"நடுவிரல் ஏத்துக்கிச்சு."

திங்கட்கிழமை கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோர சீட் கிடைத்தது. அந்த சப்போர்ட் பையனைப் போனில் கூப்பிட்டான். "தம்பி, அன்னிக்கு ராத்திரி எங்க மாட்டிக்கிட்டீங்க? மொதல்லேருந்து சொல்லுங்க" என்று நோட்டை மடியில் விரித்தான்.

பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது.