எந்தப் பைத்தானிலிருந்து?

பைத்தான் லைப்ரரி ஒன்றைப் பராமரிப்பவருக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு கேள்வி வந்து நிற்கும். அந்த மாதம் புதிய பதிப்பு ஒன்று வெளியாகும். ஐந்தாண்டு முடிந்த பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். 2024இல் 3.8 போனது, 2025இல் 3.9. நாமும் அதைக் கைவிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாமா?

விடையை எழுத வேண்டிய இடம் ஒரே வரிதான்: பைப்ராஜெக்ட்.டாம்ல் கோப்பில் ‘ரெக்வயர்ஸ்-பைத்தான்’, அதற்கு எதிரே ‘>=3.10’. இந்த வரியைப் பார்த்துத்தான் பிப் முடிவெடுக்கிறது. 2016இல் வந்த பிப் 9 முதல், நம்மிடம் இருக்கும் பைத்தான் பழையது என்றால் அது புதிய வெளியீட்டைத் தாண்டிவிட்டு, நமக்குப் பொருந்தும் கடைசி வெளியீட்டை எடுத்துத் தரும். 2017இல் ஐபைத்தான் 6.0உம் ஜாங்கோ 2.0உம் பைத்தான் 2ஐக் கைவிட்டபோது, பழைய பைத்தான்காரர்கள் ஐபைத்தான் 5இலும் ஜாங்கோ 1.11இலும் சிக்கலில்லாமல் தங்க முடிந்தது இதனால்தான். கீழ்வரம்பை வெளிப்படையாக உயர்த்தினால் யாருக்கும் அடி விழாது. நிரலை மட்டும் மாற்றிவிட்டு எண்ணைப் பழையபடி விட்டால்தான் அடி விழும்.

அந்த அடியும் இரண்டு விதம். 3.10இல் வந்த ‘மேட்ச்’ கூற்றை ஒரு கோப்பில் எழுதினால், 3.9இல் அந்தக் கோப்பை இம்போர்ட் செய்த கணமே சின்டாக்ஸ் எரர். உடனே தெரிந்துவிடுவதால் இது நல்ல எரர். அதே 3.10இல் முழு எண்களுக்கு ‘பிட்_கவுண்ட்’ என்ற மெத்தட் வந்தது. அதைப் பயன்படுத்தினால் 3.9இல் நிறுவலும் நடக்கும், இம்போர்ட்டும் நடக்கும். அந்த வரியை எட்டும்போதுதான் அட்ரிபியூட் எரர். அந்த வரி மாதக் கடைசியில் மட்டும் ஓடும் அறிக்கைக்குள் இருந்தால், மாதக் கடைசியில்தான் தெரியும். கண்ணால் படித்து இதைப் பிடிக்க முடியாது. ஆகவே என் விதி: சிஐயில் சோதனை ஓடாத பதிப்பை ஆதரிக்கிறோம் என்று சொல்லக் கூடாது.

எப்போது உயர்த்தலாம்? புதிய வசதி கண்ணைக் கவர்கிறது என்பதற்காக வேண்டாம். எடுத்துக்காட்டாக, டாம்ல் கோப்பைப் படிக்கும் ‘டாம்லிப்’ 3.11இலிருந்துதான் பைத்தானோடு வருகிறது. அது கிடைக்காவிட்டால் ‘டாம்லி’யை எடுத்துக்கொள் என்று நாலு வரி எழுதினால் போதும். அந்த நாலு வரிக்காக ஒரு பதிப்பைக் கைவிட மாட்டேன். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9இன் இயல்பான பைத்தான் 3.9, உபுண்டு 22.04இல் 3.10, டெபியன் 12இல் 3.11. பகிர்ந்த சர்வரில் வேலை செய்யும் பலருக்கு அதை மாற்றும் அதிகாரம் கிடையாது. ஆனால் சார்ந்திருக்கும் லைப்ரரி நகர்ந்தால் நாமும் நகர்ந்தாக வேண்டும். நம்பை போன்ற அறிவியல் லைப்ரரிகள் பின்பற்றிவந்த நெப் 29 பரிந்துரை, ஒரு பைத்தான் பதிப்புக்குத் தந்த காலம் 42 மாதம். புதிய நம்பை வேண்டுமென்றால் அதன் கணக்கு நமக்கும் பொருந்தும்.

ரஸ்ட்காரர்கள் பாடு இன்னும் கடினம். ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு வரும் மொழி அது. கீழ்வரம்பை எழுதுவதற்கான ‘ரஸ்ட்-வெர்ஷன்’ புலம் 2021இல் 1.56உடன் வந்தது, சார்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது ரஸ்டின் தொகுப்பு மேலாளரான கார்கோ அதைக் கணக்கில் எடுக்கும் வசதி 2025 ஜனவரியில், 1.84இல்தான் நிலைபெற்றது. இடைப்பட்ட காலத்தில் எங்கோ ஒரு சார்பின் சின்னத் திருத்த வெளியீடு, யாரோ ஒருவருடைய பில்டை உடைத்துக்கொண்டிருந்தது.

மேல்வரம்பு மட்டும் வைக்காதீர்கள். இன்றைய வெளியீட்டில் ‘<3.13’ என்று எழுதினால், 3.13 வைத்திருப்பவருக்காகப் பிப் பின்னோக்கிப் போய், அந்த வரம்பு இல்லாத பழைய வெளியீடு ஒன்றைத் தோண்டி எடுத்து நிறுவிவிடும்.

கீழ்வரம்பைத் திருத்த வெளியீட்டில் உயர்த்தாமல் அடுத்த பெரிய வெளியீட்டில் உயர்த்துங்கள். மாற்றக் குறிப்பின் முதல் வரியிலேயே, பழைய பதிப்புக்கான கடைசி வெளியீடு எது என்று எழுதுங்கள். உங்கள் லைப்ரரியின் கீழ்வரம்பை இன்றே ஒருமுறை பாருங்கள். அந்தப் பதிப்பில் சோதனை ஓடாவிட்டால் சோதனையைச் சேருங்கள், முடியாவிட்டால் எண்ணை உயர்த்துங்கள்.