பட்டன் தேயாத டயர்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் கட்டும் குழுவினரை ஊர் ஊராக ஏற்றிச் சென்று, அவர்களுடைய மேளங்களையும் அரிசி மூட்டைகளையும் அண்டாக்களையும் சுமந்து, இரவானால் அவர்களுக்கே படுக்கையிடமாகவும் ஆகிவிடுகிற பழைய வேன் ஒன்று, புரட்டாசி பிறக்குமுன் புது டயர் போட்டுக்கொள்வதற்காகச் சாத்தான்குளத்துக் கடையொன்றில் நின்றிருந்தது. அதன் சொந்தக்காரருடன் நானும் போயிருந்தேன்.

வருஷத்தில் பெரும்பகுதி வெயிலில் சும்மா நிற்கும் வண்டியாதலால் டயர்களில் தரையைத் தொடும் பட்டன் அதிகம் தேய்ந்திருக்கவில்லை. பின்பக்கத்து இரண்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று வண்டிக்காரர் கேட்டார். டயர்க்காரர் குத்துக்காலிட்டு அமர்ந்து, பக்கச்சுவரின் புழுதியை ஈரத்துணியால் துடைத்தார். “பட்டனப் பாக்காதீய அண்ணாச்சி, பொறந்த தேதியப் பாருங்க” என்றார்.

அங்கே 2314 என்று பதிந்திருந்தது. 2014ஆம் வருஷத்தின் இருபத்துமூன்றாம் வாரத்தில் வார்க்கப்பட்டது என்பது அதன் அர்த்தம். ரப்பரைக் காற்றின் ஓசோனிலிருந்து ரக்ஷிக்க அதனுள் கலந்திருக்கும் மெழுகு, சக்கரம் உருண்டு ரப்பர் வளைந்து நிமிரும்போதுதான் நன்றாக மேற்பரப்புக்குக் கசிந்து வரும். ஓடாமல் நிற்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்புக் குறைந்து, தேரிக்காட்டு உஷ்ணமும் சேர்ந்து, பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுந்துவிடுகின்றன. ஓடித் தேய்வதைக் கண் பார்த்துவிடும். நின்று கெடுவதை அனுபவமுள்ள கைதான் கண்டுபிடிக்கும் என்பதை அங்கே பிரத்தியட்சமாகக் கண்டேன். லிவர் போட்டு டயரை டிஸ்க்கிலிருந்து கழற்றிய அவர், உட்சுவர் முழுவதும் உள்ளங்கையை மிக மெதுவாக ஓட்டிவந்து, ஓரிடத்தில் நிறுத்தி, என் விரலையும் அங்கே வைக்கச் செய்தார். மெல்லிய வீக்கம் தட்டுப்பட்டது. உள்ளே அடுக்கு பிரியத் தொடங்கியிருந்தது.

லாரி டயரை ரீசோலுக்கு, அதாவது தேய்ந்த டயரின்மேல் புது ரப்பர் ஒட்டுவதற்கு, எடுக்குமுன் செய்யும் பரீட்சையும் இதுதானாம். திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரியும் 1952இல் ரீசோல் ரப்பரில் இறங்கி, அதன் பிறகே டயருக்கு வந்தது என்பதை நினைத்தால், பழைய டயரைச் சோதிக்கத் தெரிந்த இத்தகைய கைகளுக்கு டயர்த் தொழில் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

அடுத்து எடை. அதே டிஸ்க்கில் மாட்டக்கூடிய கார் டயர் ஒன்று விலை மலிவாக இருந்தும் அவர் அதைத் தொடவில்லை. பக்கச்சுவரில் சுமைக் குறியெண் 102 என்றிருந்தால் அந்த டயர், குறித்த காற்றழுத்தத்தில், 850 கிலோ தாங்கும். 91 என்றால் 615 கிலோதான். ஆட்களும் சாமான்களும் ஏறிய நிலையில் எடை மேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்தீர்களா என்று அவர் கேட்டதற்கு வண்டிக்காரரிடம் பதிலில்லை. வண்டியின் பாரம் நான்கு சக்கரத்திலும் சமமாக விழுவதில்லை. காற்றும் குறைந்திருந்தால் பக்கச்சுவர் மிகையாக வளைந்து சூடேறி, நெடுவழியில் வெடிக்கும். நள்ளிரவில் உறங்கும் இருபது உயிர்களுக்கு அதுவே ஆபத்து.

இவ்வளவு ஆராய்ந்து பார்த்ததற்கு அவருக்குத் தனிக் கூலி கிடையாது. கழற்றி மாட்டுவதற்கு மட்டுமே உண்டு. இது நியாயமன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

கடைசியில் ஸ்டெப்னியை இறக்கச் சொன்னார். ஒருநாளும் ஓடாத அதன் பட்டன் பளபளவென்றிருந்தது. தேதியோ மற்ற நான்கையும்விட மூத்தது. வண்டிக்காரர் ஐந்து டயருக்கும் விலை கேட்டார்.