காரவள்ளியில் கை நீட்டினால்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிப் போனால் காரவள்ளியில் சமவெளி முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கொல்லிமலை. ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து உண்டு. அதைத் தவறவிட்டவருக்கு டீக்கடையில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "ஓரமா நில்லுங்க, வண்டி வந்தா கை காட்டுங்க."

நிற்கிறார்கள். பைக்கில் தனியாகப் போகிறவர் நிறுத்துகிறார். பலாவும் அன்னாசியும் வாழைத்தாரும் கீழே இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் குட்டியானைச் சரக்கு வண்டி நிற்கிறது. (சரக்கு வண்டியின் பின்பக்கத்தில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம், அத்தனை வளைவுகள் உள்ள சாலையில் உயிருக்கும் ஆபத்து. ஓட்டுநர் பக்கத்தில் இடம் இருந்தால் மட்டும் ஏறுவதே சரி.) பெயரைக் கேட்பதற்கு முன்பே, "எந்த நாட்டுக்குப் போவணும்?" என்று கேட்கிறார் ஓட்டுநர். புதிதாக வந்தவர் விழிக்கிறார். கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கே நாடு என்றுதான் பெயர்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என 14 நாடுகள்.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு என்று பயணி சொல்கிறார். வண்டி செம்மேடு வரைதான் போகும். ஆனால் ஓட்டுநர் அவரை இறக்கிவிட்டுப் போய்விடுவதில்லை. எதிரே நிற்கும் இன்னொரு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "இவரு கோயிலுக்குப் போறாராம், ஏத்திக்கப்பா" என்று ஒப்படைத்துவிட்டுத்தான் நகர்கிறார். காசு நீட்டினால், "அட, வச்சுக்கங்க" என்கிறார். எல்லோரும் அப்படி மறுப்பார்கள் என்று சொல்ல முடியாது. டீசலுக்கு வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு, அதில் தவறும் இல்லை. ஆனால் அந்த ஒப்படைப்பு! அதற்கு எந்தச் சீட்டிலும் கட்டணம் போட முடியாது.

இந்த மலைக்கு இது புதிதல்ல. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் மலை இது. ஆடி 17, 18 தேதிகளில் அவனுக்கு அரசு விழா எடுக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என அத்தனையையும் துளைத்தவன் என்ற வீரச் செய்திதான் மேடைகளில் அதிகம் ஒலிக்கிறது. அந்தச் செய்தியைத் தரும் புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்வது வேறொன்றும் உண்டு. காட்டு வழியில் வந்த பாணர் கூட்டம் ஒரு வேட்டுவனைச் சந்திக்கிறது. அவன் யாரென்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. பாடுகிறார்கள், புகழ்ச்சி கேட்டு அவன் நாணுகிறான். வேட்டையாடிய மானின் இறைச்சியையும் மதுவையும் கொடுத்து, தன் மலையின் பொன்னையும் மணியையும் அள்ளித் தருகிறான். அரண்மனையில் அல்ல, நடுவழியில். அம்பை விட அந்த நாணமும் அந்த இடமும்தான் இன்று அதிகம் பேசப்பட வேண்டியவை.

மன்னன் கொடுத்தான், சரி. மலையில் வாழும் சாதாரணக் குடிகள்? அதற்கு மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டு இருக்கிறது. செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தனுக்கு வழி சொல்கிறான். எந்த இடத்தில் எச்சரிக்கையாக நடக்க வேண்டும், எந்தச் சிற்றூரில் சோறு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாக. குறவர் குடியிருப்பில் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழையலாம். உறவினர்போல் நடத்தி, நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் தருவார்கள் என்கிறான். செம்மேட்டில் ஒரு வண்டிக்காரர் இன்னொருவரிடம் பயணியை ஒப்படைக்கும்போது நடப்பதும் இப்படி வழிகாட்டி அனுப்பும் ஆற்றுப்படைதான்.

வழியில் நிற்பவரை ஏற்றிக்கொள்வதில் தேவைக்கும் ஒரு பங்கு உண்டு. கியூபாவில் 1990களில் சோவியத் உதவி நின்று எரிபொருள் வறண்டபோது, காலி இடத்தோடு போகும் அரசு வண்டிகள் வழியில் நிற்பவர்களை ஏற்றியே ஆக வேண்டும் என்று விதி வந்தது. மஞ்சள் சீருடைக்காரர்கள் சாலையோரம் நின்று வண்டிகளை நிறுத்தினார்கள். கொல்லிமலைக்கு அப்படி எந்த ஆணையும் வரவில்லை. இன்று ஏற்றிக்கொள்கிறவரின் மனைவியோ மகனோ நாளை அதே வளைவில் பையோடு நிற்க வேண்டியிருக்கும் என்பது இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். வெளியிலிருந்து வரும் பெண் தனியாகக் கை காட்டுவது வேறு கதை. அவளுக்கு இந்த வழி அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை. உள்ளூர்ப் பெண்களோ ஓட்டுநர் எந்த ஊர், யார் மகன் என்று தெரிந்துகொண்டுதான் ஏறுகிறார்கள்.

வருத்தம் தருவது இன்னொன்று. ஆடிப் பதினெட்டை ஒட்டி ஆகாய கங்கை அருவிக்கு சேலம், ஈரோடு, திருச்சி கார்கள் வரிசையாக ஏறுகின்றன. பலவற்றில் பின் இருக்கை காலி. மிளகு மூட்டையோடு ஓர் அம்மா வளைவில் நின்று கை காட்டுகிறார். பள்ளி முடிந்த பிள்ளைகள் காட்டுகிறார்கள். கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. கடைசியில் அவர்களுக்காக நிற்பது கீழே போய்த் திரும்பும் உள்ளூர்க் குட்டியானைதான். அதன் முன் இருக்கையில் காரவள்ளியில் ஏறிய சமவெளிக்காரர் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்.